செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் லிக்விட் கூலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிக்விட் கூலர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்த மாடல் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டியவை மூன்று: உங்கள் செயலியும் கார்டும் எத்தனை வாட் இழுக்கின்றன, கேபினெட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு சத்தத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் மாடல் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

தண்ணீர் எப்படிச் செயலியைக் குளிர்விக்கிறது?

தண்ணீர் வெப்பத்தைச் சுமந்து போகிறது, அவ்வளவுதான். செயலியின் மேல் உட்காரும் செம்புத் தகட்டின் உள்பக்கம் மிக நெருக்கமாக நுண்ணிய பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பம்ப் அந்தப் பள்ளங்கள் வழியே திரவத்தைத் தள்ளும். சூடேறிய திரவம் ட்யூப் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் அடிக்கும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரே கன அளவில் பார்த்தால் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். விரல் பருமன் ட்யூபில் பல நூறு வாட் வெப்பத்தைக் கேபினெட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோக முடிவது இதனால்தான்.

ஆனால் கடைசியில் சூட்டை வாங்குவது அறையின் காற்று. அறை 30 டிகிரி செல்சியஸ் என்றால் திரவம் 30-க்குக் கீழே இறங்காது. கணினி 500 வாட் இழுத்தால் அந்த 500 வாட்டும் அறைக்குள்தான் வந்து சேரும், கூலர் எதுவாக இருந்தாலும்.

எனக்கு இது தேவையா? நல்ல ஏர் கூலர் போதாதா?

பலருக்குப் போதும். கேம் மட்டும் ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் போதும்.

ரைசன் 7 7800எக்ஸ்3டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின் வரம்பே 162 வாட். கேம் ஓடும்போது அதில் பாதியைக்கூடத் தொடுவது அரிது. அதற்கு 360 மி.மீ. (மூன்று ஃபேன் அளவு) ரேடியேட்டர் மாட்டுவது அழகுக்காக என்றால் சரி, வெப்பத்துக்காக என்றால் வீண் செலவு. இன்னொரு பக்கம் கோர் ஐ9-14900கே. இன்டெல் குறிப்பிடும் உச்ச டர்போ மின்வரம்பு 253 வாட். எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் ஓடவிட்டு வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கு அங்கே லிக்விட் கூலிங்கின் அர்த்தம் புரியும்.

உடலளவையும் பாருங்கள். நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற இரட்டைக் கோபுர ஏர் கூலர் 165 மி.மீ. உயரம், ஃபேன்களோடு 1.3 கிலோவுக்குச் சற்று அதிகம். ஒடுக்கமான கேபினெட்டில் அது நுழையாது. ராம் உயரமாக இருந்தால் அதனோடும் இடிக்கும். கணினியை அடிக்கடி தூக்கிச் செல்பவருக்கு அந்த எடை மதர்போர்டில் தொங்குவது உறுத்தலாகவும் இருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் வாட் கணக்கு சொல்லாவிட்டாலும் லிக்விட் கூலர்தான் வசதி.

360 ரேடியேட்டர் போட்டும் செயலி 95 டிகிரி தொடுகிறது. கூலர் பழுதா?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் கூலரில் பிழை இல்லை.

முதலில், ரைசன் 7000 வரிசையின் மேல்மட்டச் செயலிகள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. அந்த எல்லைக்குள் இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் எல்லை 100 டிகிரி. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தொட்ட பிறகு வேகம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, பரப்பு. ரைசன் 7000-இன் ஒரு சிப்லெட் (கோர்கள் இருக்கும் சிறு சிலிக்கான் துண்டு) சுமார் 70 சதுர மி.மீ. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய அந்தத் துண்டிலிருந்து 100 வாட்டுக்கு மேல் வெளியேற வேண்டும். அதன் மேல் தடித்த உலோக மூடி, அதற்கு மேல் வெப்பம் கடத்தும் பேஸ்ட், அப்புறம்தான் செம்புத் தகடு. வாசல் குறுகலாக இருந்தால் வெளியே தெரு எவ்வளவு அகலமாக இருந்தும் கூட்டம் மெதுவாகத்தான் வெளியேறும். ரேடியேட்டர் என்பது அந்தத் தெரு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் கூலர் திரவத்தின் வெப்பநிலையைக் காட்டுமானால், அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்துவிட்டு அதைப் பாருங்கள். கோர் 95, திரவம் 36 என்றால் ரேடியேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இன்னும் பெரிய 420 ரேடியேட்டருக்கு மாறினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. திரவமே 50-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் ரேடியேட்டரோ காற்றோட்டமோ போதவில்லை. திரவம் குளிர்ச்சியாக இருக்க, கோர் மட்டும் சுமை கொடுத்த நொடியிலேயே உச்சிக்குத் தாவினால் பேஸ்ட்டையும் திருகுகளையும் சரிபாருங்கள், பம்ப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். செம்புத் தகட்டின் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே மாட்டியவர்களும் உண்டு.

முதல் வகையில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் செலவில்லாத மருந்து மின்வரம்பைக் குறைப்பது. ரைசன் 9 7950எக்ஸ் வழக்கமாக 230 வாட் வரை இழுக்கும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) "105 வாட்" என்ற பெயருள்ள ஈக்கோ மோடைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு 142 வாட்டுக்கு இறங்கும். வேகத்தில் இழப்பு அந்த அளவுக்கு இருக்காது, வெப்பம் நன்றாகவே குறையும்.

240, 280, 360: எந்த அளவு ரேடியேட்டர்?

பெயரில் இருக்கும் எண்ணை நம்பாமல் பரப்பைக் கணக்கிடுங்கள். 240 என்பது 120 மி.மீ. ஃபேன் இரண்டு, 360 என்பது மூன்று. 280 என்பதோ 140 மி.மீ. ஃபேன் இரண்டு. பெருக்கிப் பார்த்தால் 240-க்கு 288 சதுர செ.மீ., 280-க்கு 392, 360-க்கு 432. ஆக 280, 360-இன் பரப்பில் 90 சதவீதம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். உங்கள் கேபினெட் 140 மி.மீ. ஃபேன்களை ஏற்குமானால் 280-ஐ ஒதுக்காதீர்கள். விற்பனையில் 360-க்குத்தான் மவுசு, ஆனால் என் ஓட்டு 280-க்கு.

தடிமனை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள் நிறைய. வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ.; கூட்டினால் 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்ற தடித்த வகையில் ரேடியேட்டர் மட்டுமே 38 மி.மீ., ஆக 63. கேபினெட்டின் மேற்கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது, ராம் எவ்வளவு உயரம் என்று அளவுநாடாவை வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் "360 ஆதரவு" என்று போட்டிருப்பது பெரும்பாலும் மெல்லிய ரேடியேட்டரை மனதில் வைத்து எழுதியது.

ரேடியேட்டரை எங்கே மாட்டுவது?

மேலே மாட்ட இடம் இருந்தால் மேலே. முன்பக்கமும் பரவாயில்லை. அடியில் மட்டும் வேண்டாம்.

காரணம் காற்றுக் குமிழி. தொழிற்சாலையில் நிரப்பி மூடிய கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும். வருடங்கள் போகப் போக அது கூடும். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடம் ரேடியேட்டரின் மேல்முனையாக இருந்தால் தொல்லையில்லை, அங்கேயே தங்கிவிடும். பம்ப்தான் உயரத்தில் இருக்கிறது என்றால் காற்று பம்புக்குள் போய் உட்காரும். களகளவென்று சத்தம் கேட்கும், ஓட்டம் குறையும், நாளடைவில் பம்ப் தேயும். பம்பை உயவூட்டுவதும் அந்தத் திரவமே.

முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூப் நீளம் இடம் கொடுத்தால் ட்யூப் செருகியிருக்கும் முனையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். குமிழி மறுமுனையில் நிற்கும். ட்யூப் மேலே இருந்தாலும் பெரும்பாலும் ஓடும், ஓரளவு சத்தம் வரலாம்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. மேலே மாட்டினால் கிராபிக்ஸ் கார்டு விட்ட சூடான காற்று ரேடியேட்டர் வழியே வெளியேறும், செயலி சில டிகிரி கூடும். முன்பக்கம் உள்ளிழுக்கும்படி மாட்டினால் செயலிக்குக் குளிர்ந்த காற்று, கார்டுக்கு வெதுவெதுப்பான காற்று. கேம் ஆடுகிறவர்களுக்குக் கார்டு முக்கியம். அவர்கள் மேலேயே மாட்டட்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கும் லிக்விட் கூலிங் பயன்படுமா?

செயலியைவிடக் கார்டுக்குத்தான் அதிகம் பயன்படும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: 150 வாட் செயலிக்கு லிக்விட் கூலர், 450 வாட் கார்டுக்குச் சாதாரண ஃபேன்.

ஆர்டிஎக்ஸ் 4090-இன் சிப் சுமார் 609 சதுர மி.மீ. மேலே சொன்ன சிப்லெட்டைப்போல எட்டு மடங்குக்கு மேல். அதன் மேல் உலோக மூடியும் கிடையாது; பேஸ்ட்டுக்கு அடுத்தது நேராகச் செம்புத் தகடுதான். 450 வாட் இழுத்தாலும் வெப்பம் அகலமான பரப்பிலிருந்து தடையில்லாமல் திரவத்துக்குப் போகிறது. செயலியில் ரேடியேட்டரைக் கூட்டிக் கிடைக்காத பலன் கார்டில் கண்கூடாகத் தெரியும். வெப்பமும் குறையும், ஃபேன் இரைச்சலும் அடங்கும்.

வழிகள் மூன்று. தொழிற்சாலையிலேயே ரேடியேட்டரோடு வரும் கார்டு வாங்கலாம். ஏஎம்டி 2014-இல் ஆர்9 295எக்ஸ்2 என்ற இரட்டைச் சிப் கார்டை 120 மி.மீ. ரேடியேட்டரோடு விற்றது, மறுவருடம் ஆர்9 ஃப்யூரி எக்ஸ் வந்தது; இது புதுச் சங்கதி இல்லை. வாரண்டிச் சிக்கல் இல்லாதது இந்த வழியின் நன்மை. இரண்டாவது, முழுக் கார்டையும் மூடும் வாட்டர் பிளாக் (உள்ளே திரவம் ஓடும் உலோகத் தகடு) வாங்கி கஸ்டம் லூப்பில், அதாவது பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நீங்களே கட்டும் அமைப்பில், இணைப்பது. மூன்றாவது, செயலிக்கான மூடிய கூலரை அடாப்டர் சட்டம் வைத்துக் கார்டில் பொருத்துவது. இதில் சிப் குளிரும், ஆனால் மெமரிக்கும், சிப்புக்கு மின்சாரம் தரும் மின்பகுதிக்கும் தனியாக ஃபேன் காற்றும் ஹீட்சிங்க்கும் கொடுத்தாக வேண்டும். பெரிய கார்டுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கார்டுக்கு எந்த பிளாக் பொருந்தும்?

"4090 பிளாக்" என்று பொதுவாகத் தேடி வாங்கிவிடாதீர்கள். சிப் ஒன்றுதான், ஆனால் கார்டு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் சர்க்யூட் போர்டைத் தன் விருப்பப்படி அமைக்கிறது. அதே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே போர்டு மாறலாம். பிளாக் செய்பவரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார்டின் முழு மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது தெர்மல் பேட், அதாவது வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டை. மெமரிக்கு ஒரு தடிமன், மின்பகுதிக்கு இன்னொரு தடிமன் என்று 0.5, 1, 1.5 மி.மீ. எனக் கலந்து வரும். 1 மி.மீ. வைக்க வேண்டிய இடத்தில் 1.5 வைத்தால் பிளாக் அரை மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும், சிப்பின் மேல் சரியாகப் படியாது. பேடின் இருபக்கப் படலத்தையும் உரித்தீர்களா என்று பாருங்கள். திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கழற்றினால் வாரண்டி போகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு வேறுபடும். முதலில் விதிமுறையைப் படியுங்கள். எப்படியிருந்தாலும் பழைய கூலரையும் திருகுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஏஐஓ வாங்குவதா, கஸ்டம் லூப் கட்டுவதா?

ஏஐஓ என்பது பம்ப், ரேடியேட்டர், ட்யூப் எல்லாம் சேர்த்து நிரப்பி மூடி வரும் கூலர். செயலிக்கு மட்டும் என்றால் இதுவே போதும். செயலிக்கு மட்டும் கஸ்டம் லூப் கட்டினால் பல மடங்கு செலவாகும், கிடைப்பதோ சில டிகிரி. கார்டையும் சேர்த்தால்தான் கஸ்டம் லூப்பின் கணக்கு நியாயமாகிறது. அதோடு, கட்டுவதும் கழுவுவதும் உங்களுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்காதவர் ஒரு வருடத்தில் சலித்துப்போவார்.

செயலி, கார்டு இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ரேடியேட்டர் வேண்டும்?

சத்தமில்லாமல் ஓட வேண்டுமென்றால் 100 முதல் 150 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவு ரேடியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 வாட் என்றால் நான்கிலிருந்து ஆறு ஃபேன்: ஒரு 360-உம் ஒரு 240-உம், அல்லது இரண்டு 360. ஃபேன் வேகத்தை ஏற்றச் சம்மதித்தால் இதைவிடக் குறைவிலும் சமாளிக்கலாம். கேமில் செயலியும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவது அரிது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

லூப்பில் எது முதலில், எது அடுத்து?

திரவத் தொட்டியான ரிசர்வாயரிலிருந்து பம்புக்கு நேராகத் திரவம் இறங்க வேண்டும். மற்ற வரிசை எப்படி இருந்தாலும் சரி.

"செயலியிலிருந்து சூடாக வரும் திரவம் நேராகக் கார்டுக்குப் போகிறதே" என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 600 வாட் வெப்பத்தைக் கொட்டினாலும், திரவம் ஒரு சுற்றில் ஏறுவது 2 டிகிரிக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுக்கும் நடுவே ரேடியேட்டரை வைக்க ட்யூபை வளைத்து நெளித்துக் கஷ்டப்பட வேண்டாம்.

பம்ப் எது நல்லது?

கஸ்டம் லூப்பில் டி5, டிடிசி என்ற இரண்டு வகைகளே பரவலாகப் புழங்குகின்றன. டி5 சற்றுப் பெரியது, அமைதியானது. டிடிசி சிறியது, அழுத்தம் அதிகம், சூடும் அதிகம். இடம் இருந்தால் டி5. எதுவானாலும் திரவமில்லாமல் ஓடவிடாதீர்கள். சில நொடிகள்கூட வேண்டாம்.

செம்பும் அலுமினியமும் சேரக் கூடாது என்கிறார்கள். ஏஐஓவில் இரண்டும் இருக்கிறதே?

கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். இரு வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும். அலுமினியம் மெல்லக் கரையும். பெரும்பாலான ஏஐஓக்களில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும்தான் இருக்கின்றன. அரிப்புத் தடுப்பு மருந்து அளவாகக் கலந்து, வெளிக்காற்று புகாமல் மூடியிருப்பதால் அது சில வருடங்கள் தாங்குகிறது. நீங்களே திறந்து நிரப்பும் லூப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே ரேடியேட்டர், பிளாக், ஃபிட்டிங் (ட்யூபை இணைக்கும் பாகம்) எல்லாமே செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே ஒரு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தாலும் லூப் முழுக்கக் கெடும்.

எந்தத் திரவத்தை நிரப்புவது?

குழாய்த் தண்ணீர் கூடாது. உப்பு படியும், அரிப்பும் கூடும். காய்ச்சி வடித்த நீரில் அரிப்புத் தடுப்பானும் கிருமிநாசினியும் கலந்த தயார் கூலண்ட் வாங்குவது எளிது. நிறமற்றதோ தெளிவான நிறமோ இருக்கட்டும். பால்போல் ஒளிபுகாத கூலண்ட் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் பிளாக்கின் நுண்பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும். காட்சிக்கு வைக்கும் கணினிக்குச் சரி, தினமும் வேலை செய்யும் கணினிக்கு வேண்டாம். மாற்றும் கால அளவு பாட்டிலிலேயே இருக்கும். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வருடம்.

ஒழுகினால் என்ன ஆகும்?

நல்ல ஏஐஓ ஒழுகுவது அரிது. அதில் வழக்கமான முடிவு பம்ப் நின்றுபோவது. கஸ்டம் லூப்பில் ஒழுகல் வந்தால் பெரும்பாலும் ஃபிட்டிங்கில், அதுவும் கட்டிய முதல் நாளிலேயே வரும். திரவம் ஊற்றும் முன் காற்றடைத்துச் சோதிக்கும் சிறிய பம்பும் மீட்டரும் கிடைக்கின்றன. அரை பார் அளவு அழுத்தம் கொடுத்து, முள் இறங்காமல் நிற்கிறதா என்று கால் மணி நேரம் பாருங்கள். இறங்கினால் எந்த ஃபிட்டிங் என்று தேடலாம், எதுவும் நனைந்திருக்காது. திரவம் ஊற்றிய பிறகு மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் சில மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவையுங்கள். ஒரு துளி கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

"காய்ச்சி வடித்த நீர் மின்சாரம் கடத்தாதே" என்பதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். லூப்புக்குள் சில நாள் சுற்றினாலே உலோக அயனிகள் கலந்து கடத்த ஆரம்பித்துவிடும்.

மென்ட்யூபா, கடின ட்யூபா?

முதல் லூப் என்றால் மென்ட்யூப். அழகு வேண்டுமென்றால் கடினம், வளைக்கப் பொறுமை வேண்டும்.

கணினி சும்மா இருக்கும்போதும் ஃபேன்கள் ஏறி இறங்குகின்றன. எப்படி அடக்குவது?

ஃபேன் வேகம் செயலியின் வெப்பநிலையைப் பின்பற்றுவதால் வருவது இது. ஒரு பிரவுசர் திறந்தாலே கோர் வெப்பம் 20 டிகிரி தாவும், அடுத்த நொடி இறங்கும். திரவம் அப்படித் தாவாது. 200 மில்லி தண்ணீரில் 200 வாட் வெப்பம் கொட்டினால், ரேடியேட்டர் இல்லாவிட்டாலும் ஒரு டிகிரி ஏற நான்கு நொடி ஆகும். அதனால் மென்பொருளில் ஃபேன்களைத் திரவ வெப்பநிலையோடு இணையுங்கள். அந்த வசதி இல்லாத கூலர் என்றால் பயாஸில் ஃபேனின் தாமத நேரத்தைக் கூட்டுங்கள்.

இதே காரணத்தால்தான் ஐந்து நிமிடச் சோதனை லிக்விட் கூலரை உண்மையைவிட நல்லதாகக் காட்டும். திரவம் நிலைபெற இருபது முப்பது நிமிடம் ஆகும்.

பம்பை வேறு விதமாக நடத்துங்கள். மதர்போர்டில் பம்புக்கென்று இருக்கும் பின்னில் செருகி, சீரான வேகத்தில் விட்டுவிடுங்கள். ரீங்காரம் கேட்டால் வேகத்தைச் சற்றே குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெப்பத்தில் வித்தியாசமே தெரியாது.

கூலரின் மேல் இருக்கும் சின்னத் திரை, விளக்குகள்?

குளிர்ச்சிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பணத்தில் ஒரு அளவு பெரிய ரேடியேட்டர் கிடைக்குமா என்று பாருங்கள்.

ஏஐஓ எத்தனை வருடம் உழைக்கும்?

வாரண்டி பொதுவாக ஐந்து, ஆறு வருடம். அதையே ஆயுளாக வைத்துக்கொள்ளலாம். ரப்பர் ட்யூபின் சுவர் வழியே திரவம் மிக மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், குறைந்த இடத்தைக் காற்று பிடிக்கும். முன்பு இல்லாத களகள சத்தம், அதே வேலைக்கு முன்பைவிடக் கூடுதல் வெப்பம், ஒரு ட்யூப் கொதிக்க இன்னொன்று குளிர்ந்திருப்பது ஆகியவை வந்தால் புதியதற்குத் தயாராகுங்கள்.

பழைய ஏஐஓவைப் புதிய செயலிக்கு மாற்றலாமா?

வாரண்டிக் காலம் பாதிகூட முடியவில்லை என்றால் தாராளமாக. சாக்கெட் (மதர்போர்டில் செயலி உட்காரும் இடம்) பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் பெரும்பாலும் அடுத்து வந்த ஏஎம்5-இல் அப்படியே உட்காரும். ஆனால் மதர்போர்டின் பின்தகட்டைக் கழற்றிவிட்டுத் தன் தகட்டை வைக்கும் வகை என்றால் ஏஎம்5-இல் நடக்காது. இன்டெலில் எல்ஜிஏ1200-க்கான சட்டம் எல்ஜிஏ1700-க்கு ஆகாது, துளைகளின் இடைவெளி 75-இலிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது, 1700-க்கானது 1851-க்கும் ஆகும். பல நிறுவனங்கள் புதிய சாக்கெட்டுக்கான சட்டத்தைத் தனியாகத் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். மாற்றும்போது பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.